கயிறு தெரியும் பூதம்

உடலெங்கும் அடர்ந்த மயிர். கொரில்லாக் குரங்கின் தோற்றம். தலையிலோ, ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் கவசத்தை ஒத்ததோர் உருண்டை; அதன்மேல் வானொலிக் கம்பிகள். மனித இனத்தையே மாய்த்துவிட்டு, எஞ்சிய எட்டுப் பேரையும் ஒழிக்க வந்திருக்கும் வேற்றுலக அரக்கன் அவன்! அவனுடைய பாசறை ஒரு குகையின் வாயில். அங்கே ஒரு மேசை, மேசைமீது ஒரு கருவி, அக்கருவியிலிருந்து ஓயாமல் கிளம்புகின்றன சோப்புக் குமிழிகள்.

உலகை அழிக்கும் கருவி, குமிழி ஊதுகிறது!

1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ரோபோட் மான்ஸ்டர்' என்னும் படத்தைத்தான் சொல்கிறோம். பில் டக்கர் என்னும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர் நான்கே நாட்களில், ஏறத்தாழ 16,000 டாலர் செலவில் எடுத்த படம். அவருக்குத் தேவைப்பட்டது ஓர் இயந்திர மனிதன். இயந்திர மனித உடை செய்யப் பணமில்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாகக் கொரில்லா உடை ஒன்று இருந்தது. அந்த உடைக்குமேல் ஒரு தலைக்கவசத்தைக் கவிழ்த்தார், பிறந்தான் அரக்கன்! இப்படத்துக்கு இசை அமைத்தவர் யார் தெரியுமா? மூன்றே ஆண்டுகளில் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' என்னும் பெரும்படத்துக்கு இசை தந்த எல்மர் பெர்ன்ஸ்டைன்! குரங்குக்கும் அவர் குறைவைத்தாரில்லை.

படம் பார்த்தபோது நாம் விலா நோகச் சிரித்தோம். அருகிலிருந்த நண்பர் சிரிக்கவில்லை. "பேயுமில்லை, பூதமுமில்லை என்று மேடையில் முழங்குகிறீர், வீட்டுக்கு வந்து பூதப் படம் பார்த்துப் பொழுது போக்குகிறீர். இது முறைதானா?" என்றார்.

நல்ல கேள்வி. நாமும் சிறிது சிந்தித்தோம்.

பூதம் உண்டென்று நம்பச் சொல்வது வேறு. ஒரு மணி நேரம் உண்டென்று வைத்துக்கொள் என்று கேட்பது வேறு. முன்னது அச்சத்தை நம் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. தாயத்து வாங்கு, தட்டிலே காசு போடு என்கிறது. பின்னது, விளக்கு எரிந்ததும் அச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போய் வா என்று வழியனுப்புகிறது. அதிலும் இந்த ஏழைப் படங்கள் இருக்கின்றனவே, அவை விளக்கு எரியும்வரைகூடக் காத்திருப்பதில்லை! பறக்கும் தட்டைத் தாங்கும் கயிறு தெரிகிறது. கல்லறைக் கல் காலில் இடறி ஆடுகிறது. மாயம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை மாயக்காரனே காட்டிக்கொடுத்துவிடுகிறான். பகுத்தறிவாளருக்கு இதைவிட நாணயமான பூதம் கிடைக்குமா?

நண்பரின் கேள்விக்கு வலுவுள்ள இடமும் உண்டு, மறைப்பானேன்? இந்தியில் ராம்சே உடன்பிறந்தார் எழுவர், 1972இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' தொடங்கி வரிசையாகப் பூதப் படங்கள் எடுத்தனர். பேருந்தில் குழுவோடு சென்று, விருந்தினர் விடுதியில் தங்கி, சிறு தொகையில் படத்தை முடித்துத் திரும்பிய கெட்டிக்காரர்கள். ஆயினும் அவர்கள் கதைகளில் பூதத்தை அடக்கத் திரிசூலமும் சிலுவையும் வரவேண்டும்; மனித அறிவு மட்டும் போதாது. அங்கே அச்சம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில், அடுப்பில் தன் காலையே விறகாக வைத்துச் சமைக்கும் பேயைத் தமிழ்நாட்டில் அறியாதார் யார்? அந்தப் பேயைக் கண்டு நடுங்கியவரினும் நகைத்தவரே மிகுதி என்பது நம் கணிப்பு.

ரோஜர் கார்மன் செய்தது இன்னொரு வகை. ஸ்டான்போர்டில் பொறியியல் படித்த அவர் 1956இல் 'இட் கான்கர்ட் த வேர்ல்ட்' படத்தை எடுத்தார். வெள்ளிக் கோளிலிருந்து வரும் உயிர் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார். அங்கே ஈர்ப்பு விசை மிகுதி என்பது அவர் எண்ணம். ஆகவே உயிர் நெடிதாய் நிமிராது, குட்டையாய்த் தரையோடு படிந்தே வளரும் என்று முடிவு கட்டினார். பால் பிளைஸ்டெல் என்னும் கலைஞர் அவ்வாறே செய்தும் கொடுத்தார். தருக்கம் குற்றமற்றது! படப்பிடிப்பன்று நடிகை பெவர்லி கார்லண்ட் அதனருகே போய் நின்று, குனிந்து பார்த்து, உலகை வெல்ல வந்தவன் நீதானா என்று ஏளனம் செய்து எட்டி உதைத்தாராம். கார்மனே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன செய்தி. உடனே பூதம் உயர்த்திக் கட்டப்பட்டது. அறிவியல் ஒரு பக்கம் சாய்ந்தது, படம் பிழைத்தது. கொப்போலாவும் ஸ்கார்செசியும் இளமையில் தொழில் பயின்றது இந்த மனிதரிடந்தான். 2009இல் ஆஸ்கர் நிறுவனத்தின் சிறப்பு விருது பெற்று, 2024இல் தம் 98ஆம் அகவையில் மறைந்தார்.

கார்மன் வென்றவர், அவரை நோக்கி நாம் சிரிப்பதில் பிழையில்லை, அவரும் உடன் சிரிப்பார். தோற்றவரை நோக்கிச் சிரிக்கலாமா? நண்பர் கேட்காமல் விட்ட கேள்வி இது. நம்மை உறுத்துவதும் இதுவே.

எட் வுட் என்றொருவர். இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்து திரும்பியவர். படம் எடுக்கும் ஆசையால் வாழ்வைத் தொலைத்தவர். 'டிராகுலா'வாக 1931இல் உலகை நடுங்கவைத்த பெலா லுகோசி, முதுமையில் வறுமையும் மருந்துப் பழக்கமும் வாட்ட, கேட்பாரற்றுக் கிடந்தார். அவரை மதித்து வாய்ப்புக் கொடுத்தவர் வுட். 1956 ஆகஸ்டில் லுகோசி இறந்தார். அவரை வைத்து எடுத்திருந்த படச்சுருள் சில நிமிடங்களே. அதை வீசியெறிய மனமின்றி, அதைச் சுற்றி ஒரு கதை கட்டினார் வுட். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்று பெயர். மீதிக் காட்சிகளில் லுகோசிக்குப் பதிலாகத் தம் மனைவிக்கு முதுகெலும்பு மருத்துவம் செய்தவரை நடிக்கவைத்தார். அவரோ லுகோசியினும் உயரம், முகச்சாயலும் இல்லை. ஆகவே படம் முழுதும் கறுப்பு அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே திரிகிறார்! பணம் தந்தவர்கள் பாப்டிஸ்ட் கிறித்தவர் சிலர். அதற்காக வுட்டும் குழுவினர் சிலரும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டனர். வேற்றுக்கோள் மனிதர் பிணங்களை எழுப்பும் கதைக்குத் திருச்சபையார் முதலீடு!

1978இல் வுட் 54 வயதில், குடியிருந்த இடத்தையும் இழந்து, இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1980இல், மெட்வெட் உடன்பிறந்தார் எழுதிய நூலொன்று, வாசகர் வாக்கெடுப்பின்படி உலகின் மிக மோசமான படம் 'பிளான் 9' என்று அறிவித்தது. அதன்பின் அல்லவா கூட்டம் கூட்டமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்! பில் டக்கரோ, குரங்குப் படம் வெளிவந்த 1953ஆம் ஆண்டின் இறுதியிலேயே தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார், நல்வாய்ப்பாகக் காப்பாற்றப்பட்டார். இதை நாம் அறிந்தது, விலா நோகச் சிரித்து முடித்த பிறகு.

நகை எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பிறரை எள்ளுவதாலும் பிறக்கும், இளமையாலும் பிறக்கும் என இரண்டையும் வேறு வேறாக வைத்தார். புலவர்கள் இதற்கு என்னென்னவோ உரை சொல்வர். அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது நமக்குப் புலப்படுவது இதுதான். எள்ளிச் சிரிப்பவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான்: நான் உயரம், நீ பள்ளம் என்பது அவன் சிரிப்பின் பொருள். இளமையால் சிரிப்பவன் முன்னே குனிந்திருக்கிறான்: போர்வையைத் தலைக்குமேல் போர்த்து உறுமிய தன் சிறுபருவத்தை அங்கே காண்கிறான். நாற்காலி கோட்டையாகும், துடைப்பம் குதிரையாகும் என்ற பழைய ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்திடுகிறான். பல கோடி டாலர் கொட்டிக் கணினியில் வார்க்கும் இக்காலத்துப் பூதம் அந்த ஒப்பந்தத்தைக் கேட்பதில்லை. நம் உதவியின்றியே முழுமையாக வந்து நிற்கிறது. நாம் வியக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். கயிற்றில் தொங்கும் பூதத்துக்கோ நாமும் தோள் கொடுத்தாக வேண்டும்.

ஆனால், இருவகைச் சிரிப்பும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றனவே! எது எது என்று பிரித்துக்கொள்வது எப்படி? நம்மையே சாட்சியாக நிறுத்துகிறோம்.

நாம் பணிபுரிந்த பள்ளியொன்றின் ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்பு மாணவர் நாடகம் போட்டனர். அரக்கன் வேடம் ஒரு பையனுக்கு. சாக்கு, தேங்காய் நார், முட்டை அடுக்கும் அட்டை: அரக்கனின் உடல் அவ்வளவே. மூன்று வாரம் மாலைதோறும் உட்கார்ந்து அவனே செய்தது. மேடையில் நான்கடி வைத்தான். வால் கழன்று விழுந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள் நாம், வெடித்துச் சிரித்தோம். நம்மைப் பார்த்து அரங்கமே சிரித்தது. பையன் ஓடவில்லை. குனிந்து வாலை எடுத்தான், அக்குளில் இடுக்கிக்கொண்டான், எஞ்சிய வசனத்தை ஓர் எழுத்து விடாமல் பேசி முடித்து, கதைப்படி செத்தும் விழுந்தான்.

அன்று நாம் சிரித்தது எள்ளல்தான். இன்று அதை மாற்றிச் சொல்ல மனம் துணியவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறை வாயிலில் நின்றான். எதையோ கேட்கப் போகிறான், ஏன் சிரித்தீர்கள் என்றுதான் கேட்பான் என்று நாம் விடை தேடிக்கொண்டிருந்தோம். அவன் கையில் அந்த வால்.

"ஐயா, பசை பிடிக்கவே இல்லை. சாக்கு ஊசியால் தைத்துவிட்டால் நிற்குமா, ஐயா?"

நிற்கும் என்றோம். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் ஊசியும் சணல் நூலும் வாங்கிவந்தோம். கோக்கத் தெரியாமல் நாம் திணறியதைப் பார்த்து அவன் சிரித்தான்.