பலகையும் படிப்பவரும்

முனிக்கில் வேலைக்குப் போன முதல் வாரம். நெடுஞ்சாலையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'அவுஸ்ஃபார்ட்' என்று ஒரு பலகை வந்துகொண்டே இருந்தது. "இந்த ஊர் ரொம்பப் பெருசு போலயே" என்றேன். காரை ஓட்டியவர் சிரித்த சிரிப்பில் நாங்கள் தடம் மாறாமல் போனதே அதிசயம். அது ஊர் இல்லை, 'வெளியேறும் வழி'. மறுநாள் அலுவலகமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போன விடுமுறையில் குன்னூருக்கு என்னுடன் வந்த சென்னை நண்பனுக்கும் இதே வேலைதான். சிம்ஸ் பார்க் பலகையைப் பார்த்து, "ஆதார் காட்டினா சிம் கொடுப்பாங்களாடா?" என்றான். 1874-ல் அந்தப் பூங்கா உருவாகக் காரணமானவர்களில் ஒருவர், சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே. டி. சிம். மலைப்பாதை போட்ட லா என்கிற ராணுவ அதிகாரியின் பெயரில் இருக்கும் அருவி, தமிழ் எழுத்தில் 'லாஸ் ஃபால்ஸ்'. "அருவிக்கே நஷ்டமா?" என்றான். தொட்டபெட்டாவில், "யார் தொட்டது?" படுகரிடமும் கன்னடத்திலும் தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. நாம் 'தொட்டபெட்டா மலைச்சிகரம்' என்று மலைமேல் மலையை ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஊர்ப் பெயரின் கதை இன்னும் மேலே. தோடர்களின் குடியிருப்பு 'மந்து'. அது வெள்ளைக்காரர் எழுத்தில் 'மண்ட்' ஆகி, நம் கையில் 'மண்டலம்' ஆகி, இன்று ரயில் நிலையத்தில் உதகமண்டலம் என்று நிமிர்ந்து நிற்கிறது. தப்பாகக் கேட்டவர் கையில் முத்திரை இருந்தால் ஊர்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. மாமா ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. அவரைப் பார்க்கப் போன மதியம், மருந்து அடித்த காட்டின் ஓரத்தில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலேயே பலகை: 'மருந்து அடிக்கப்பட்டுள்ளது. உள்ளே வராதீர்.' கீழே ஆங்கிலத்திலும் இருந்தது. வாய்வரை வந்த சிரிப்பு அங்கேயே நின்றது. இவனும் முனிக்கில் நான் செய்ததைத்தான் செய்கிறான். வித்தியாசம் அந்தத் தூக்கில் இருக்கிறது.

"ரெண்டு பாஷையில எழுதியாச்சு மாப்ளே, இதுக்கு மேல என்ன பண்றது?" என்றார் மாமா. எங்கள் தொழிலிலும் இதைத்தான் சொல்வோம். 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று கேட்டு, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான் வைப்போம். தப்பாக அமுக்கினால் பயனரின் பிழை. எழுதியாகிவிட்டது என்பதும் சொல்லியாகிவிட்டது என்பதும் ஒன்றா? எழுதியவனுக்கு ஒன்றுதான். மேலும், 'மருந்து' என்று எழுதியிருப்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த வெளியூர்க்காரன் பார்த்தால்கூட விஷம் என்று தோன்ற வேண்டிய கட்டாயம் என்ன?

இந்தியில் எழுதலாமே என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பையனிடம் கேட்டேன். பேச வரும், படிக்க வராதாம். மாமா யோசித்து, ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி நட்டார். பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கே கோயில் இருக்கிறதா என்று கேட்டான்.

மூன்று பேருமே சிரித்துவிட்டோம். பிறகு மாமா அவன் தூக்கை மூடி, கையைப் பிடித்துப் பாதைக்குக் கூட்டி வந்து, செடியைக் காட்டி, தன் கழுத்தைத் தானே பிடித்து, நாக்கை வெளியே தள்ளி, அறுபது வயதில் அந்தச் சரிவில் செத்து விழுந்து காட்டினார்.