வழக்கமான கவனிப்பு

என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடம் கழித்து மறுபடியும் உதிரம் படத் தொடங்கியது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருந்தவர். "போன விருந்தாளி திரும்பி வந்துருக்கா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாராம். நான்கு மாதம் வேறு யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வெந்தயத் தண்ணீர். பிறகு ஒரு மருத்துவமனையில் சத்து ஊசியும் இரும்பு மாத்திரையும். உள்ளே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் சம்மதித்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மதுரைக்குக் கொண்டுபோனபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் சிறுநீர்ப்பை வரை பரவியிருந்தது. 2003, தை மாதம் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் சேர்த்து ஒரே சொல்லில் அடக்கிவிட முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆய்வுலகில் அதற்கு ‘வழக்கமான கவனிப்பு’ என்று பெயர்.

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கையில் இயங்கிய கிறித்தவ மருத்துவமனையின் துணையோடு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெறும் கண்ணால் பார்ப்பார். நம் வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். ஆய்வகம் வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒரு முறை. புற்றுக்கு முந்தைய நிலை தெரிந்தால் அந்த இடத்தை உறையவைத்துச் சரிசெய்துவிடலாம். 2007இல் முடிவு வெளியானது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

முதல் முறை படித்தபோது எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு எளிதா என்ற அழுகை. இரண்டாம் முறை படித்தபோதுதான் அட்டவணையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். 30,958 பெண்கள். ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்ட குழு. அவர்களுக்குப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே என்ன கிடைத்துவந்ததோ அதுதான். அவர்களில் 92 பேர் கருப்பைவாய்ப் புற்றால் இறந்ததை ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது.

மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றையும் சேர்த்தால் பரிசோதிக்கப்படாத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 254 பேர். நோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் பரிசோதனை பணக்கார நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கும்போது, ஒன்றுமே செய்யாத குழு ஒன்றை வைத்து மரணத்தை எண்ணியது சரியா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா கேட்டார். இந்தியாவில் வழக்கமான கவனிப்பு என்பதே பரிசோதனை இல்லாததுதான், இங்கே பாப் பரிசோதனையைப் பெருந்திரளுக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியமல்ல என்று ஆய்வாளர்கள் தரப்பில் பதில் வந்தது.

இந்தப் பதிலை என்னால் தூக்கியெறிய முடியவில்லை. ஆய்வு நடக்காமலே போயிருந்தால் அந்த 30,958 பேருக்கும் எதுவும் கிடைத்திருக்காது. பரிசோதனைக்கு வந்த பெண்களுக்கும் கிடைத்திருக்காது. அம்பிளிக்கையில் வெயிலில் ஊர் ஊராகப் போன செவிலியரை வில்லிகளாக்கி ஒரு கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபம். அது பொய்யாக இருக்கும். ஆனாலும் அந்தப் பதிலுக்குள் ஏதோ ஒன்று இடறுகிறது.

நான் இலக்கணம் நடத்துகிறவள். எங்கள் பாடத்தில் வழக்குதான் ஆதாரம். மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ, சான்றோர் எப்படி எழுதினார்களோ, அதிலிருந்துதான் விதி பிறக்கிறது. ஊரெல்லாம் சொல்வதை இலக்கணம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இந்தப் பழக்கத்தை மொழியிலிருந்து வாழ்க்கைக்கு எடுத்துவரும்போதுதான் ஆபத்து. ஊரெல்லாம் பெண்கள் இப்படித்தான் சாகிறார்கள் என்பது ஒரு செய்தி. அதை அளவுகோலாக நட்டுவைத்து அங்கிருந்து அளக்கத் தொடங்கினால், இல்லாமை ஒரு வகைக் கவனிப்பு என்று பெயர் பெற்றுவிடுகிறது. ஒரு பணக்கார ஊரின் வழக்கமும் முதுகுளத்தூரின் வழக்கமும் ஒரே வழக்கமல்ல. ஏழைப் பெண்ணின் வழக்கத்தை யார் முடிவு செய்தார்கள்? அவள் செய்யவில்லை.

தமிழில் வழக்கு என்றால் நீதிமன்றத்தில் தொடுப்பதும்தான். பெண்களின் உடல்நலத்துக்காக உழைத்தவர்களில் என் மனத்தில் நிற்பவர்கள் முதல் பொருளை ஏற்காமல் இரண்டாவதற்குப் போனவர்கள். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தபோது, இசை வேளாளர் குலத்தில் வந்த ஒரு தாயின் மகளுக்கு என்ன வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஆண்கள் கல்லூரியில் படித்தார், 1912இல் மருத்துவரானார், சட்டமன்றத்துக்குப் போனார். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அவர் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் சாவதுதான் பெரும்பாலோருக்கு வழக்கம். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார். மகப்பேறு மருத்துவம் படித்தவர். அரசு மகளிர் மருத்துவமனை வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்தவர், 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. தியாகம் என்ற சொல்லை அவருக்குப் போட எனக்கு விருப்பமில்லை. பெண்கள் செய்வதற்கெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டே அவர்களுடைய மூளையை மறைத்துவிட்டோம். காசில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பதை ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் கணக்காக மாற்றிக் காட்டிய மூளை அது.

இருந்தாலும் அடையாறு வரை வர முடிந்தவருக்குத்தான் அடையாறு. பெரியம்மாவுக்கு மதுரையே தூரம். ஆகவே திண்டுக்கல்லுக்கே திரும்புகிறேன்: வீட்டுக்குப் பக்கத்தில், செவிலியர் கையால் முடியும் என்று காட்டியது அந்த ஆய்வுதான். அந்த 92 பேரையும் சேர்த்து எண்ணித்தான் அது காட்டியது. இந்த இரண்டையும் ஒன்றையொன்று கழித்து நேராக்க என்னால் முடியவில்லை. முடிவு வந்த பிறகு கடன் யாருக்கு என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

தமிழ்நாட்டு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் நடத்திப் பார்த்துவிட்டு, 30 வயது கடந்த பெண்களுக்கான இந்தப் பரிசோதனையை மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இதைச் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். நாடு முழுக்க எடுத்தால் இரண்டு பேர்.

இந்தக் கணக்கை வகுப்பில் ஆவேசமாகச் சொன்னேன். முன்வரிசைப் பெண் கேட்டாள்: "நீங்க பண்ணியிருக்கீங்களா மேடம்?"

இல்லை. நாற்பத்தாறு வயது, முனைவர் பட்டம், கவிதைகளில் உடலைப் பற்றி ஏராளமாக எழுதியவள். அந்த மேசையில் படுக்கக் கூச்சம். பெரியம்மாவைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றேனே, என்னைப் பற்றியும் செய்திருக்க முடியாது. திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்களை அறியாமையில் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் பெஞ்சில் நான்கு பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவு எடுக்கும் நேரமாம். "இன்னொரு நாள் வாரேன் சிஸ்டர்" என்று எழுந்து போய்விட்டார். செவிலியர் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து அந்த அம்மாவின் பெயரையும் தெருவையும் எழுதி, பக்கத்தில் ‘வியாழன், சாயங்காலம்’ என்று குறித்துக்கொண்டார். நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்து நீங்களா? இதுதான் மொத தடவையா?"