எளியவன் கட்டும் சீட்டுக்கட்டு

‘சீட்டு’ என்னும் சொல் நம் திண்டுக்கல் சமவெளியில் நற்பெயர் பெற்ற சொல் அன்று. சீட்டாட்டம் என்றதும் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து வாரக் கூலியைத் தொலைப்போர் நினைவுக்கு வருவர். பரிசுச் சீட்டு என்றதும் பேருந்து நிலையத்தில் அதைக் கூவி விற்ற குரலும், அதை நம்பி நலிந்த இல்லங்களும் நினைவுக்கு வரும். வள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்து நம்மை எச்சரித்துள்ளார். ஆகவே பங்குக் குரு ஒருவர் சீட்டு விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் கண்டனமே எழுதுவார் என வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. எனினும் கண்டிக்குமுன் ஆராய்தல் வேண்டும். இன்றைய இளைஞர் சிலர் ஆடும் ஒருவகைச் சீட்டு விளையாட்டு, பழையதோர் அறக்கேள்வியைப் புதிய உருவில் நம்முன் வைக்கிறது. பணம் படைத்தவனுக்கே வலிமை எளிதில் வாய்க்கும் களத்தில், பணமில்லாதவன் எவ்வழியில் வெல்ல முயலலாம்? எவ்வழியில் முயலலாகாது?

முதலில் விளையாட்டை அறிந்துகொள்வோம். 1993ஆம் ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். நம் சிறுவர்கள் பெயரளவிலேனும் அறிந்த போக்கிமான் சீட்டு விளையாட்டு 1996இல் ஜப்பானில் தோன்றியது. அதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லார்க்கும் பொதுவாக ஒரே கட்டு இருக்கும். அதைக் கலைத்துப் பகிர்ந்துகொள்வர். இவ்விளையாட்டிலோ ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே தொகுத்துக்கொண்டு வருதல் வேண்டும். பல்லாயிரக்கணக்கான வெவ்வேறு சீட்டுகளிலிருந்து அறுபதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுவாக ஒரே பெயருள்ள சீட்டு நான்கிற்குமேல் இருத்தல் ஆகாது. ஆட்டம் தொடங்குமுன்னரே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது எனலாம்; எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் தீர்ப்பிலேயே ஆடுபவனின் அறிவு வெளிப்பட்டுவிடுகிறது.

இங்கேதான் பணம் நுழைகிறது. எல்லாச் சீட்டுகளும் ஒரே எண்ணிக்கையில் அச்சாவதில்லை. சில மலிவானவை, சில அரியவை. அரியவற்றுள் வலிமை மிக்கவற்றிற்கு விலை ஏறுகிறது. 1993ஆம் ஆண்டின் முதற்பதிப்பைச் சேர்ந்த ‘பிளாக் லோட்டஸ்’ என்னும் ஒரு சீட்டு 2021ஆம் ஆண்டு ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கும் மேலான தொகைக்கு விற்றது. அத்தகைய சீட்டு சேகரிப்போரின் பெட்டகத்திற்குரியது என்று விட்டுவிடுவோம். அன்றாடப் போட்டிகளில்கூட, வலிய கட்டு ஒன்றைத் தொகுக்க ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கும் செலவு ஆவதுண்டு.

மேலும், சீட்டுகள் பெரும்பாலும் மூடிய பொட்டலங்களில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பின்னரே தெரியும். ‘அடுத்த பொட்டலத்தில் அந்த அரிய சீட்டு இருக்கும்’ என்னும் ஆசை ஒருவனை எங்கே இழுத்துச் செல்லும் என்பதைத் தமிழகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டு அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு, 2003ஆம் ஆண்டு தடைசெய்யப்படும்வரை எத்தனை குடும்பங்களில் அடுப்பணைத்தது என்பதை நாம் அறிவோம். கணினி விளையாட்டுகளில் பணம் கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. ஆகவே குறைந்த செலவில் கட்டு அமைக்க விரும்புவோர்க்கு அனுபவசாலிகள் கூறும் முதல் அறிவுரை அறிவுடைமையாகவும் அறமாகவும் ஒருங்கே விளங்குகிறது: பொட்டலத்தை வாங்காதே, உனக்கு வேண்டிய சீட்டை, அதன் பெயரறிந்து, விலையறிந்து, தனியாக வாங்கு. நம்பிக்கை என்பது வேறு. ஆசையை விலைக்கு வாங்குவது வேறு.

அப்படியே மலிவான சீட்டுகளை வாங்கினாலும், அவற்றைக் கொண்டு வலியவனை எவ்வாறு எதிர்ப்பது? எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெங்களூரில் பணிபுரிகிறார். அவருடைய தந்தை இங்கே நூற்பாலைத் தொழிலாளி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது தம் கட்டை என்னிடம் காட்டினார். “ஃபாதர், இதில் ஒரு சீட்டுகூட மற்றவர்கள் ஆசைப்படும் சீட்டு இல்லை” என்றார். அறுபதில் முப்பத்திரண்டு சீட்டுகள் ஒரே சீட்டு. அதன் பெயரைத் தமிழில் ‘விடாது மனுக்கொடுப்போர்’ என்று சொல்லலாம். 2019ஆம் ஆண்டு வெளிவந்த மலிவான, சாதாரணச் சீட்டு அது. ஒரே பெயருள்ள சீட்டு நான்கிற்குமேல் ஆகாது என்னும் விதிக்கு அச்சீட்டிலேயே விலக்கு அச்சிடப்பட்டுள்ளது. எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

இந்த மனுதாரர்கள் போர் வீரர் அல்லர். அவர்களுடைய தாக்கும் வலிமை ஒன்றே ஒன்று. வழக்கமாக இவ்விளையாட்டில் எதிரியின் உயிர்ப் புள்ளிகள் இருபதையும் தாக்கி அழித்தே வெல்வர். ஆனால் வேறொரு விதியும் உண்டு: தன் முறை வரும்போது எடுப்பதற்குக் கட்டில் சீட்டு இல்லாதவன் தோற்றவன். மனுதாரர்கள் அந்த மறந்துபோன வாசலில் போய் நிற்கிறார்கள். தனியொரு மனுதாரர், சிறிது ஆற்றல் செலவிட்டு, எதிரியின் கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கழித்துவிடலாம். நால்வர் சேர்ந்தாலோ, ஆற்றல் ஏதும் செலவிடாமலே பன்னிரண்டு சீட்டுகளைக் கழிக்கலாம். எதிரி முதலில் ஏழு சீட்டுகளைக் கையில் எடுத்தபின் கட்டில் ஐம்பத்து மூன்றே மிஞ்சும். நால்வர் நான்கு முறை மனுக்கொடுத்தால் நாற்பத்தெட்டு போய்விடும். எஞ்சிய ஐந்தை எதிரியே முறைக்கு ஒன்றாக எடுத்துத் தீர்த்துக்கொள்வான். இன்னுமோர் அழகு உண்டு. தனியே மனுக்கொடுப்பவர் களத்திற்கு வந்தபின் ஒரு முறை காத்திருக்க வேண்டும். நால்வருள் ஒருவராகச் சேர்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுதான் வந்தவரும் முன்னரே வந்தவரோடு சமமாக எண்ணப்படுகிறார்.

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் நேர்மையற்ற நடுவரிடம் மீண்டும் மீண்டும் சென்று முறையிட்ட கைம்பெண்ணை வாசகர் இந்நேரம் நினைவுகூர்ந்திருப்பீர்கள். அவளிடம் பணமில்லை, பரிந்துரை இல்லை. விடாமுயற்சி ஒன்றே இருந்தது.

இக்கட்டிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது? எளியவனின் முதல் தவறு, வலியவனைப் போலவே போரிட முயல்வது. சவுலின் கவசத்தை அணிந்த தாவீதால் நடக்கவும் இயலவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஓடையில் ஐந்து கூழாங்கற்களைத் தெரிந்துகொண்டான். கல் மலிவானது, தெரிந்துகொண்ட அறிவே விலையுயர்ந்தது. வள்ளுவரும் ‘இடனறிதல்’ என்னும் அதிகாரத்தில் வலிமை குன்றியவரும் தக்க இடம் அறிந்து செயற்பட்டால் வெல்வர் என்னும் கருத்தை வற்புறுத்துகிறார். பணக்காரனின் கட்டில் தனித்தனியே சிறந்த சீட்டுகள் அறுபது இருக்கலாம். எளியவனின் கட்டில் ஒரே நோக்கத்திற்கு உழைக்கும் சாதாரணச் சீட்டுகள் அறுபது இருத்தல் வேண்டும். ‘இதுவும் நன்றாயிருக்கிறதே’ என்று நோக்கத்திற்குப் புறம்பான ஒரு சீட்டைச் சேர்த்தால் கட்டு நலிகிறது. வாழ்விலும் வறுமையைவிட நோக்கம் சிதறுவதே நம்மை அதிகம் ஏழையாக்குகிறது அன்றோ?

ஆனால் இங்கே ஓர் எதிர்ப்பு எழும். ‘எதிரியைத் தாக்காமல் அவன் கட்டைக் கரைத்து வெல்வது வீரமா? அது விளையாட்டின் இன்பத்தையே கெடுப்பதன்றோ?’ என்று தோற்றவர் கேட்பர். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. புனித தோமா அக்குவினார் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்கிறார். உழைப்பால் உடல் களைப்பது போல் சிந்தனையால் உள்ளமும் களைக்கிறது; விளையாட்டு உள்ளத்திற்கு ஓய்வு; ஆகவே அளவோடு விளையாடுவதில் நற்பண்பு உண்டு என்பது அவர் முடிவு. அளவு மீறி விளையாடுவது மட்டுமன்று, தானும் மகிழாமல் பிறர் மகிழ்வையும் தடுக்கும் கடுமையும் குற்றமே என்கிறார். இந்த அளவுகோலால் பார்த்தால் விடை தெளிவாகும். கட்டு தீர்ந்தால் தோல்வி என்னும் விதி இருவர்க்கும் பொது, இருவரும் அறிந்தது. அதை நாடுவது வஞ்சகமன்று. ஆனால் வேண்டுமென்றே நேரத்தை இழுத்தடிப்பது, எதிரியை எரிச்சலூட்டுவதையே நோக்கமாகக் கொள்வது, ஆட இடமே கொடாமல் முடக்கி மகிழ்வது ஆகியவை விதிக்கு உட்பட்டு நடந்தாலும் விளையாட்டின் அறத்திற்குப் புறம்பானவை. ‘இதே வழியை என்மீது ஒருவன் கையாண்டால் நான் சிரித்த முகத்தோடு கைகுலுக்குவேனா?’ என்று தன்னையே கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

எளியவனுக்கே உரிய மற்றொரு சோதனையும் உண்டு: போலிச் சீட்டு. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்த போக்கிமான் அட்டைகள் பலவும் போலிகளே. சிறுவன் அதை வைத்துச் சிறுவனோடு விளையாடுவதில் யாருக்கும் வஞ்சனையில்லை. நண்பர் இருவர் பேசி ஒப்புக்கொண்டு, தம்மிடம் இல்லாத சீட்டின் பெயரைக் காகிதத்துண்டில் எழுதிவைத்து ஆடினாலும் பொய்யில்லை, ஏனெனில் மறைப்பில்லை. அதே போலியை மெய்யென்று காட்டிப் போட்டியில் ஆடினாலோ, ஒருவருக்கு விற்றாலோ, அங்கே ஏழைமை சாக்காக நில்லாது. வறுமை பல செயல்களுக்கு விளக்கமாகலாம். பொய்யை மெய்யாக்க அதனால் இயலாது.

தோற்பவனும் ஒன்றைக் கற்கலாம். தன் விலையுயர்ந்த சீட்டு கழிவுக் குவியலில் விழக் கண்டவன், ‘ஐயோ, வெல்லவிருந்த என் சீட்டு போயிற்றே!’ எனப் புலம்புவான். சற்றுச் சிந்தித்தால், நன்கு கலைத்த கட்டில் அச்சீட்டு மேலே இருந்ததும் அடியில் இருந்திருக்கக்கூடியதும் ஒன்றே. அடியில் இருந்து கைக்கே வராமல் போயிருந்தால் அவன் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டிருக்க மாட்டான். கண்ணில் பட்டதால் மட்டுமே அதை இழந்ததாக எண்ணுகிறான். கைக்கு வராததை இழந்ததாக எண்ணி நாம் விடும் பெருமூச்சுகள் எத்தனை!

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மலிவான கட்டு வென்ற கதையைக் கேட்டு, ‘பார், அறிவிருந்தால் போதும், பணம் ஒரு பொருட்டன்று’ என்று வசதியுள்ளோர் ஏழைக்கு உபதேசம் செய்யப் புறப்படலாகாது. மனுதாரர் கட்டு பல நேரங்களில் தோற்கவே செய்கிறது. விரைந்து தாக்கும் கட்டின்முன் நால்வர் கூடுமுன்பே ஆட்டம் முடிந்துவிடும். களத்திலுள்ள அனைவரையும் ஒரே வீச்சில் அழிக்கும் சீட்டுகளும் உண்டு. அவ்வாறு தோற்றாலும் அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே சீட்டுகளைக் கலைத்து மறுபடி அமரலாம், அது விளையாட்டு. வாழ்வில் தோற்றவனுக்கோ மறு ஆட்டம் எளிதில் கிடைப்பதில்லை. வறுமை தன்னளவில் ஒரு நற்பண்பு அன்று. வறியவன் அறிவைக் கொண்டு சமாளிக்கிறான் என்பது, அவன் சமாளித்தே ஆகவேண்டிய நிலையை நியாயப்படுத்தாது.

திங்கட்கிழமைதோறும் திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. வேடசந்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பேருந்தேறி, மனுவை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வருவோரைப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா, குடிநீர், பாதை என அவர்கள் கேட்பவை எல்லாம் சிறியவையே. அன்றைய கூலியை இழந்தே பலர் வருகின்றனர். விளையாட்டில் நான்கு மனுதாரர் சேர்ந்தால் பன்னிரண்டு என்று விதி உறுதி சொல்கிறது. அதை யாரும் மறுக்க இயலாது. இவர்களுக்கு அந்த உறுதி இல்லை. நாற்பது பேர் சேர்ந்து வந்தாலும் அது ஒன்றாகவே எண்ணப்படலாம், எண்ணப்படாமலும் போகலாம்.

விளையாட்டை வகுத்தவர்கள் எளிய சீட்டும் எண்ணிக்கையில் கூடினால் வெல்லும்படி ஒரு விதியை எழுதிவைத்தார்கள். அது யாருடைய இரக்கத்தையும் நம்பி நிற்கவில்லை. நம் ஊராட்சியில், சங்கத்தில், பங்குப் பேரவையில், இல்லத்தில் விதிகளை வகுப்பவர்கள் நாமே. எளியவன் தந்திரத்தால் வென்றதை வியப்பது எளிது. அவன் தந்திரமின்றியே எண்ணப்படும்படி விதியை எழுதுவது கடினம். நீதி நம்மிடம் கேட்பது அதையே.