தாமதம் யாருடைய குற்றம்?

சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் ஒரு நண்பரின் வீட்டுக் கணினி அணைவதற்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அவர் தினமும் விசையை அழுத்திப் பிடித்து அதை அடக்கி வந்தார். "பலமுறை செய்தேன், கேடொன்றும் வரவில்லையே?" என வினவினார்.

கணினி சோம்பலால் தாமதிப்பதன்று. அணையும்படி உத்தரவானதும் விண்டோஸ் ஒவ்வொரு நிரலையும் தன் வேலையை முடிக்கச் சொல்லிச் சற்றுக் காத்திருக்கிறது. 1993இல் வந்த என்.டி.எப்.எஸ். என்னும் ஏற்பாடு வட்டின் அட்டவணையைக் காக்கும். எழுதி முடியாத கட்டுரையைக் காவாது. கடைசிப் பெண் பால் வாளியோடு நிற்கையில், நிறுக்காமலே கிராணியார் ஸ்டோரைப் பூட்டினால் அவளது கூலி என்னாவது? நண்பரின் தாயார் பால்மரம் வெட்டியவர். அவர் மேற்கொண்டு வாதிக்கவில்லை.

எனினும், எந்நாளும் காத்துக்கிடப்பதும் அறிவன்று. அது தலைவிதியென்று இருப்பதற்கு ஒப்பாகும். புதுப்பித்தல் நடக்கும் நாளில் தாமதம் நியாயமே. நாள்தோறும் என்றால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தானே எழும் துணைநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, அணைத்து அணைத்துப் பார்த்தோம். நான்காவதில் அகப்பட்டது: பழைய அச்சுப்பொறியின் ஏவலாள். அச்சுப்பொறியோ சென்ற ஆண்டே குப்பைக்குப் போய்விட்டது! ஏவலாள் மட்டும் எஜமானைத் தேடிக்கொண்டிருந்தான். அவனை நீக்கினோம், அரை நிமிஷத்தில் திரை இருண்டது.