பதில் ஸலாம் வராதபோது



நாம் ஸலாம் சொல்கிறோம். எதிரே வரும் வாலிபன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். உடனே, "மரியாதை தெரியாத பிள்ளை, வளர்ப்பு அப்படி" என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். அவன் ஆட்டிஸம் என்னும் இயல்புடன் பிறந்தவனாக இருக்கலாமே என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய பேச்சுக்கு அஞ்சியே பிள்ளையைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வராத தந்தையர் உண்டு. அல்லாஹ்வின் இல்லத்தை ஒரு பிள்ளைக்குத் தூரமாக்கிய பொறுப்பு யாரைச் சாரும்?

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் அமெரிக்காவில் இவ்வியல்பைப் பற்றி விரிவாக எழுதினார். குறை முழுவதும் அவர்களிடமே உள்ளதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2012-ல் டேமியன் மில்டன் என்ற ஆங்கில அறிஞர், தாமும் ஆட்டிஸம் உடையவர், புரியாமை இரு தரப்பிலும் உள்ளது என்று எடுத்துரைத்தார். அவர்களுக்கு நம் உள்ளம் எட்டாதது போலவே நமக்கும் அவர்கள் உள்ளம் எட்டுவதில்லை. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் சொன்ன செய்தியை அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என எட்டுப்பேர் வரை சொல்ல வைத்தார்கள். ஆட்டிஸம் உடையவர்கள் தமக்குள் கடத்திய செய்தி, மற்றவர்கள் தமக்குள் கடத்தியதைவிடக் குறைந்துவிடவில்லை.

இங்கே 'அபஸ' அத்தியாயம் அருளப்பட்ட சந்தர்ப்பத்தை நினைவு கூர்வோம். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் குறுக்கே வந்து கேட்டார்கள். சபையின் நிலையோ, நபியவர்களின் முகக்குறிப்போ அவர்களுக்குத் தெரியாது. வஹீ வந்தது. முகம் பார்க்க முடியாதவரை அது கண்டிக்கவில்லை. பார்க்க முடிந்தவர்களான தன் தூதருக்கே அல்லாஹ் அன்புடன் உணர்த்தினான். நபியவர்கள் அந்த ஸஹாபியைப் பின்னர் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். பாங்கு சொல்லும் பொறுப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. முகக்குறிப்பை அறிய இயலாதவரிடம் நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

ஆகவே, நம் பேச்சை முதலில் நாம் கவனிப்போம். வீட்டைவிட்டுப் புறப்படும் விருந்தாளி "போய் வருகிறேன்" என்கிறார். வரமாட்டார் என்பது நமக்குத் தெரியும். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பிள்ளையோ வாசலில் காத்திருக்கும். "கொஞ்ச நேரத்தில்" என்பதைவிட "அஸர் தொழுததும்" என்பது அதற்குத் தெளிவு. கேள்வி கேட்டால் பதிலுக்குச் சற்றுப் பொறுங்கள். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்தாதீர்கள். கண்ணைப் பார்த்தால் காது கேட்பது சிலருக்குக் கடினமாகிவிடும். முஸாஃபஹாவுக்குக் கை நீட்டாதவனைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்துபவனை வெளியேற்றாதீர்கள். ஓசை குறைந்த ஓரத்தில் இடம் கொடுங்கள்.

பேச இயலாதவரின் விளங்கத்தக்க சைகையைப் பேச்சின் இடத்தில் வைத்து மதிப்பது நம் ஃபிக்ஹ். மர்யம் (அலை) அவர்கள் வாய் திறவாமல் குழந்தையைச் சுட்டிக்காட்டியே பதில் சொன்னார்கள். நாவில் சிரமம் கண்ட மூஸா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்கினான். அந்தத் துணையாக நம் மஹல்லாவில் நாம் இருக்க வேண்டாமா?

தீய எண்ணத்தை விட்டு விலகுவது நம்மீது கடமை. பதில் ஸலாம் காதில் விழாவிட்டாலும் நாம் ஸலாம் சொல்வதை நிறுத்தாதிருப்போமாக! ஆமீன்.