வெட்கமும் வேதனையும்

கடந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம். பெண் என் ராத்தாவின் மகள். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். சனி இரவு இஷாவுக்குப் பிறகு, வீடு நிறைய ஆட்கள் இருக்க, அவள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மருதோண்டி போட்ட கைகளை விரித்துப் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொன்னேன். "இருக்க ஏலாது சாச்சி" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கொதித்தது.

வியாழன் பின்னேரம் மணப்பெண்ணை அலங்காரத்துக்கு ஆயத்தப்படுத்தவென்று ஒரு பெண்ணை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார்கள். கை, கால் என்று தொடங்கிய மெழுகு வேலை மறைவிடம் வரை போயிருக்கிறது. அந்த அறையில் ராத்தாவும் இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை. மெழுகு பட்டவுடனேயே சூடு அதிகம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "சுடுது எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு, பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தன்" என்றாள். துணித் துண்டை இழுத்தபோது முடியோடு தோலும் வந்துவிட்டது. வெள்ளி முழுக்க மறைத்திருக்கிறாள். தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறாள். சனியன்று வீங்கிச் சீழ் வைத்துவிட்டது.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். இந்தச் சஞ்சிகையில் நாங்கள் சீதனத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம், பெண் கல்வியைப் பற்றி எழுதியிருக்கிறோம். உடம்பென்று வந்தால் மட்டும் பேனை நின்றுவிடுகிறது. ஒரு பெண் மார்க்கம் கேட்காத வேதனையை ஏன் ஏற்கிறாள், ஏற்ற பிறகு அதை ஏன் வாய்திறந்து சொல்ல முடியாமல் இருக்கிறாள் என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டுப் போகவில்லை.

மறைவிடத்து முடியைக் களைவது எங்களுக்குப் புதிய நாகரிகம் அல்ல. அபூஹுறைரா (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ், இயற்கை மரபான பித்ராவின் காரியங்களென்று ஐந்தைச் சொல்கிறது. கத்னா, மறைவிட முடியைக் களைதல், மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், கக்கத்து முடியைப் பிடுங்குதல். இரண்டாவதற்கு அறபியில் 'இஸ்திஹ்தாத்' என்று பெயர். 'ஹதீத்' என்றால் இரும்பு. ஆகவே அந்தச் சொல்லுக்குள்ளேயே சவரக் கத்திதான் இருக்கிறது, பிடுங்குதல் இல்லை. நாற்பது இரவுகளுக்கு மேல் விட வேண்டாம் என்ற எல்லையை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய நவவி இமாம், நாற்பது என்பது கடைசி எல்லைதான், முடி வளர்வதே அளவு என்கிறார்கள். சிரைப்பது சிறந்தது, கத்தரித்தாலும் பிடுங்கினாலும் நூறா என்ற சுண்ணாம்புக் கலவை பூசினாலும் ஆகும் என்கிறார்கள். இவ்வளவுதான் விசயம். ஒரு கத்தரிக்கோலோடு முடிந்துபோகக்கூடிய சுன்னத்து இது.

அதே விரிவுரையில் நவவி இமாம் ஒரு சம்பவத்தைப் பதிந்திருக்கிறார்கள். யூனுஸ் இப்னு அப்துல் அஃலா என்ற மாணவர் இமாம் ஷாபிஈயைப் பார்க்கப் போகிறார். அங்கே ஒரு நாவிதர் இமாமின் கக்கத்தைச் சிரைத்துக்கொண்டிருக்கிறார். கக்கத்துக்குச் சுன்னத்து பிடுங்குதல் அல்லவா? மாணவரின் பார்வையைப் புரிந்துகொண்டோ என்னவோ, சுன்னத்து பிடுங்குதல்தான் என்று தமக்குத் தெரியும், ஆனால் அந்த வலியைத் தாங்கத் தம்மால் ஏலவில்லை என்று இமாம் சொல்கிறார்கள்.

ஹிஜ்ரி 204 இல், அதாவது கி.பி. 820 இல் மறைந்த அந்தப் பேரறிஞரின் மத்ஹபில்தான் இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் இருக்கிறோம். எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது, இமாம் சட்டத்தைத் தமக்கு வசதியாக வளைக்கவில்லை என்பது. சட்டம் இது, என் உடம்பு இது என்று இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். வலிக்கிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. அதை ஏட்டில் ஏற்ற நவவி இமாமும் வெட்கப்படவில்லை.

அதே மத்ஹபின் பிற்கால நூல்களில், மறைவிடத்தைப் பொறுத்தவரை ஆணுக்குச் சிரைப்பது ஏற்றது, பெண்ணுக்குப் பிடுங்குவது ஏற்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஏற்றது என்றுதான், கடமை என்றல்ல. என்றாலும் வாசித்தபோது எனக்குச் சற்று நெஞ்சு வலித்தது. கக்கத்து வலி ஏடேறிவிட்டது. இந்த வலியை எந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதினார்கள்? இமாம்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்ல வேண்டியவர்கள் போய்ச் சொல்லவில்லை, அல்லது சொல்லும் இடத்தில் அவர்கள் இருக்கவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. நாற்பது இரவு ஹதீஸை அறிவித்த அனஸ் (ரலி) அவர்களின் உம்மா உம்மு ஸுலைம் (ரலி). கனவில் பெண்ணுக்கு நேர்ந்தால் குளிப்புக் கடமையா என்று றஸூலுல்லாஹ்விடம் நேரே போய்க் கேட்டவர்கள். சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று தொடங்கித்தான் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த உம்மு ஸலமா (ரலி) வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று புகாரியில் வருகிறது. கேட்டவரையும் குறை சொல்லவில்லை, முகத்தை மூடியவரையும் குறை சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் வந்தது. இருவருடைய வெட்கமும் வெட்கம்தான், ஒருவருடையது வாயைக் கட்டிப்போடவில்லை.

மெழுகு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். முடி களைவதற்குப் பெண்கள் பட்ட பாடு பழையது. ஸபா நாட்டரசி காலின் ஆடையை உயர்த்தியதாக அன்னம்ல் சூறாவின் 44 ஆம் வசனத்தில் வரும் இடத்துக்கு, அவளுடைய காலில் முடி இருந்ததாகவும் அதற்காகவே நூறா செய்யப்பட்டதாகவும் தப்ஸீர்களில் கதை சேர்த்திருக்கிறார்கள். ஆதாரமில்லாத கதை என்று ஆலிம்கள் பலர் தள்ளிவிடுவார்கள். அறபு நாடுகளில் சீனி, தேசிக்காய்ச் சாறு, தண்ணீர் மூன்றையும் காய்ச்சிச் செய்யும் பாகு இருக்கிறது. 'ஹலாவா' என்பார்கள், இனிப்பு என்றுதான் அர்த்தம். வளைகுடா வீடுகளில் வேலைக்குப் போன எங்கள் பெண்களில் சிலர் எஜமானிகளிடமிருந்து அதைப் பழகிக்கொண்டு வந்தார்கள். முழுவதையும் மெழுகால் எடுக்கும் முறை பரவியது வேறு பாதையால். பிரேசிலிலிருந்து போன ஏழு சகோதரிகள் 1987 இல் நியூயோர்க்கில் திறந்த கடையிலிருந்து அது உலகெங்கும் போனது, அதனால்தான் அதற்குப் பிரேசிலின் பெயர். இன்று எங்கள் பக்கத்து அழகுநிலையங்களில் மணப்பெண் 'பக்கேஜ்' என்று இதுவும் சேர்ந்து வருகிறது. பித்ரா என்ற பழைய சொல்லை அதன் மேல் போர்த்திவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். போர்வைக்குக் கீழே இருப்பது சந்தை.

அன்றிரவு நடந்ததற்கு வருகிறேன். டொக்டரிடம் போவோம் என்றேன். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கலியாண வீட்டுல இருந்து பொண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதா? அங்க ஆம்பிளை டொக்டர் இருந்தா என்னகா செய்யிற? அந்த இடத்தை எப்பிடிக் காட்டுற?" என்றாள்.

நான் அப்போது கோபத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது. எங்கள் மத்ஹபில் ஒரு முஸ்லிம் பெண் இன்னொரு முஸ்லிம் பெண்ணுக்கு முன்னால் மறைக்க வேண்டிய அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. தேவையில்லாமல் அதைத் திறக்க முடியாது. வைத்தியம் தேவை. பெண் வைத்தியர் கிடைக்காவிட்டால், துணை ஒருவர் இருக்க, ஆண் வைத்தியரும் வேண்டிய அளவுக்குப் பார்க்கலாம். அலங்காரம் தேவையல்ல. மார்க்கம் டொக்டருக்குத் திறந்து வைத்த கதவை நாங்கள் சாத்தினோம். அது சாத்தி வைத்த கதவை, சூடான மெழுகுச் சட்டியோடு வந்த முன்பின் தெரியாத ஒருத்திக்குத் திறந்துவிட்டோம். இதற்கு ஹயா என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

ஒரு மணித்தியாலப் பயணத்தில் ஒரு பெண் டொக்டரைக் கண்டுபிடித்தோம். அவர் திட்டவில்லை. சீழை எடுத்தார், மருந்து கட்டினார், அன்டிபயோட்டிக் தந்தார். பிறகு, "முகப்பருவுக்கு ஏதாவது குளிசை குடிக்கிறீங்களா மகள்?" என்று கேட்டார். அவள் குடிக்கிறாள். கலியாணத்துக்கு முகம் தெளியவேண்டுமென்று யாரோ சொல்லி, மருந்துக்கடையில் வாங்கி, ஆறு மாதமாகக் குடிக்கிறாள். ஐசோட்ரெட்டினொயின். அது தோலை மெலியவைக்கும், அதைக் குடிக்கும் காலத்திலும் நிறுத்தி ஆறு மாதம் வரையும் மெழுகு வைத்தால் தோல் உரிந்துவரும் என்றார். அதைவிடப் பெரியதை அதற்குப் பிறகுதான் சொன்னார். அந்தக் குளிசை உடம்பில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் பிள்ளைக்குக் கடுமையான ஊனங்கள் ஏற்படக்கூடும். நிறுத்தியபின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தவிர்க்கவேண்டும். நாளை நிக்காஹ். ராத்தாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் புண்ணை இன்னும் இரண்டு நாள் மறைத்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

டொக்டரிடமும் அங்கிருந்த மிஸ்ஸியிடமும் நான் கேட்டு அறிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். போகாதீர்கள், செய்யாதீர்கள் என்று சொன்னாலும் பெண்பிள்ளைகள் செய்யத்தான் போகிறார்கள், தெரிந்து செய்யட்டும். அந்த முடியை எடுக்கவேண்டும் என்று ஆரோக்கியம் கேட்கவில்லை. அது உராய்விலிருந்து தோலைக் காக்கிறது. மெழுகுதான் வேண்டுமென்றால் முடி அரைச் சென்ரிமீற்றர் அளவாவது இருக்கவேண்டும், சவரம் செய்திருந்தால் இரண்டு மூன்று கிழமை விடவேண்டும். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வலி கூடும். புண், கொப்புளம் இருந்தால் தொடவே கூடாது. நீரிழிவுக்காரரும் இரத்தம் உறையாதிருக்க மருந்து குடிப்பவரும் முதலில் டொக்டரிடம் கேட்கவேண்டும். மெழுகின் சூட்டை முதலில் மணிக்கட்டில் பார்க்கவேண்டும். உடம்பில் பட்ட குச்சியைத் திரும்பச் சட்டிக்குள் விடுகிறவளாக இருந்தால் எழும்பி வந்துவிடவேண்டும், ஒருத்தியின் தொற்று அடுத்தவளுக்குப் போவது அப்படித்தான். முதன்முதலாகச் செய்து பார்ப்பதற்குக் கலியாணக் கிழமை உகந்ததல்ல.

செய்தபின் இரண்டு நாளைக்கு வெந்நீர், இறுக்கமான உள்ளாடை, வியர்க்கும் வேலை, வாசனைச் சவர்க்காரம், பவுடர், தாம்பத்தியம் எதுவும் வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணி, தளர்ந்த பருத்தி உடுப்பு போதும். மூன்று நாட்களுக்குப் பிறகு மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் முடி தோலுக்குள் சுருண்டு வளர்வது குறையும். வளர்ந்தால் ஊசியால் கிண்டக்கூடாது. ஓரிரு நாள் சிவந்திருப்பது வழமை. நோவு கூடிக்கொண்டே போனால், சீழோ காய்ச்சலோ வந்தால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

இதில் எனக்குத் தீராத ஒரு சந்தேகமும் உண்டு. ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவியாவிடம் இதையெல்லாம் எழுதப்போவதாகச் சொன்னேன். "சட்டம் சொல்லுங்க ராத்தா, அது இல்மு. மெழுகுச் சூட்டைப் பற்றி எல்லாம் ஆம்பிளைகளும் வாசிக்கிற புத்தகத்தில எழுதினா நாளைக்கு எதைத்தான் மறைக்கிற?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. எல்லாவற்றையும் வெளியில் கொட்டும் காலம் இது. மறைவு என்பது பெண்ணுக்கு ஒரு நிழல், அதைப் பறிக்க நானும் விரும்பவில்லை. ஆனால் அந்த நிழலில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு இரண்டு நாள் நின்றதை நான் பார்த்துவிட்டேன். மறைக்கச் சொன்னது உடம்பை, நோவை அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் மௌலவியாவிடமும் முழுப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆண்கள் வாசிக்கட்டும் என்பதில் மட்டும் நான் தெளிவாக இருக்கிறேன். மணமகள் இப்படி இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு யாருடைய கண்ணுக்காக உண்டானது?

நிக்காஹ் குறித்த நேரத்தில் நடந்தது. வாப்பா வலியாக இருந்து பள்ளியில் முடித்துக்கொடுத்தார். அவள் வீட்டில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தாள். மாப்பிள்ளையிடம் யார் சொல்வது என்று ராத்தா தவித்தாள். நான் சொல்கிறேன் என்றேன். கடைசியில் அவளே சொல்லியிருக்கிறாள், புண்ணைப் பற்றியும் குளிசையைப் பற்றியும். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதெல்லாம் யாரு உங்களுக்குச் செய்யச் சொன்ன?" என்று கேட்டானாம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் ராத்தா என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி குடித்தாள், ஊர்க்கதை பேசினாள், போகப் புறப்பட்டவள் வாசலிலிருந்து திரும்பி வந்து அறைக்கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

"ஒண்டு கேக்கன், சிரிக்காத" என்றாள். "அந்தப் பொம்பிளை டொக்டர் எந்தெந்த நாளில இருப்பா?"