கட்டுதலும் காத்தலும்

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவொண்ணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவற்றை முறைப்படுத்திய காலத்தில் எருதும் குதிரையுமே மனிதனுக்கு வழித்துணை. இன்று வாசலில் கார் நிற்கிறது. இழுக்கும் விலங்கு அங்கே இல்லை. ஆனால் வளர்ப்பு நாய் உள்ளே ஏறி அமர்கிறது. இப்புதிய பயணத்திற்கு அவ்வைந்து விதிகளும் எவ்வாறு பொருந்தும் என்பதே நம் முன் நிற்கும் வினா.

நாம் வாழும் மணவாளக்குறிச்சி குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில் உள்ளது. இதற்கு வடக்கே, மார்த்தாண்டத்தை அடுத்த சிதறாலில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் பொலியும் திருச்சாரணத்துமலை இருக்கிறது. அதைத் தரிசிக்க வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து நம்மவர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் காரில் வருகின்றனர். வீட்டைப் பூட்டிவிட்டு வருவோரில் சிலர் நாயையும் உடன் கொணர்கின்றனர். வழியில் அதைக் கட்டி வைக்கலாமே என்றால், “கட்டுதல் அதிசாரம் அன்றோ? பாவம், அது விருப்பம்போல் இருக்கட்டும்” என்று விடை வருகிறது. இவ்விடையில் இரக்கம் உண்டு. அது போதுமான இரக்கந்தானா என்று எண்ணிப் பார்ப்போம்.

பள்ளிக் கணக்கு ஒன்று இங்கே உதவும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதித் திடீரென நின்றால், உள்ளே கட்டின்றி இருக்கும் உடல் அதே வேகத்தோடு முன்னே பாயும். அவ்வேகம், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகத்திற்குச் சமம். மூன்று மாடி உயரத்திலிருந்து நம் நாயைத் தள்ள நம்முள் எவரும் உடன்படோம். ஆயினும் அவிழ்த்துவிட்ட நாயுடன் நெடுஞ்சாலையில் விரையும்போது அத்தகைய வீழ்ச்சிக்கு இடம் வைத்தே செல்கிறோம். முன்னிருப்போர் மீது அது மோதினால் அவர்க்கும் கேடே. ஓட்டுநர் மடியில் நாய் தாவினால் சாலையில் செல்லும் பிறர்க்கும் கேடு.

இனி அதிசாரங்களை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது பந்தம். விலங்கு விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல், நம் வசதிக்காகவோ சினத்தாலோ தளையிட்டு வருத்துவதையே ஆன்றோர் விலக்கினர். தாய் தன் குழந்தையைப் பேருந்தில் இறுகப் பற்றுவதை எவரும் தளையென்று சொல்லார். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதே இங்கு உரைகல். ஆனால் நோக்கம் நன்றாயினும் முறை தவறினால் தீங்கே விளையும். கழுத்துப் பட்டையில் கட்டினால் பிரேக் பிடிக்கும்போது கழுத்து நெரியும். மார்பைச் சுற்றிய அகன்ற பட்டையைப் பின்னிருக்கையின் சீட் பெல்ட்டுடன் இணைத்தல் வேண்டும். அல்லது நின்று திரும்பிப் படுக்க இடமுள்ள கூண்டினை அசையாதபடி பொருத்துதல் வேண்டும். முன்னிருக்கை ஆகாது, அங்கே விரியும் காற்றுப்பையே நாய்க்குக் காயம் விளைக்கும். வண்டி நின்றதும் கதவைத் திறக்குமுன் வாரைக் கையில் பிடித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இறக்கிச் சற்று நடக்கவிட வேண்டும். காவல் தேவையற்ற வேளையிலும் நீடிக்கும் கட்டு உண்மையாகவே பந்தமாகிவிடும்.

இரண்டாவது அடித்தல். பழக்கமில்லா நாய் வண்டியில் வாந்தியெடுக்கும், அச்சத்தால் ஊளையிடும். அதற்காக அதட்டி அடிப்போர் உளர். அச்சம் குற்றமன்று. நெடும்பயணத்திற்குப் பல நாள் முன்னரே சிறுசிறு தொலைவு அழைத்துச் சென்று பழக்குதல் தக்கது.

மூன்றாவது உறுப்புக்குச் சேதம். சன்னலுக்கு வெளியே தலைநீட்டி நாய் காற்று வாங்குவது காண்பதற்கு இனிது. ஆனால் எதிர்க்காற்றில் வரும் மணலும் பூச்சியும் கண்ணைப் புண்படுத்தும். உரசிச் செல்லும் வாகனம் தலையையே தாக்கக்கூடும். தானே ஏறியிறங்கும் கண்ணாடியின் பொத்தானை நாயே மிதித்துக் கழுத்து நசுங்கவும் கூடும்.

நான்காவது மிகுசுமை. முதுகில் ஏற்றுவது மட்டும் சுமையன்று. பெட்டிகளுக்கிடையே நாயைத் திணித்தலும், காற்றோட்டமற்ற டிக்கியில் அடைத்தலும் இதன்பாற்படும்.

ஐந்தாவது உணவு மறுத்தல். இங்கும் பந்தம் போன்றதோர் ஐயம் எழும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்தினால் வாந்தி குறையும். அது மறுத்தலன்று, பேணுதல். நீரை மட்டும் எவ்வாற்றானும் மறுக்கலாகாது; இரண்டு மூன்று மணிக்கொருமுறை வண்டியை நிறுத்தி அருந்தக் கொடுத்தல் கடன்.

இவ்வைந்தும் ஒருங்கே கூடும் இடம் ஒன்றுண்டு. அது பூட்டி நிறுத்திய கார். நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன. மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணிக்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் இரைத்தும் பயனில்லை. 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கவேண்டிய அதன் உடல்வெப்பம் 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே இடர். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட அளவீட்டின்படி, வெயிலில் பூட்டிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை கூடுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும்பயன் இல்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. 2023 ஜூலையில் ஆக்ராவில் தாஜ்மகால் காண வந்த பயணியரது காரில் பூட்டப்பட்ட நாய் இறந்த செய்தியை நாளேடுகளில் கண்டோம். அவர்கள் நாயை வெறுத்தவர் அல்லர். வெறுத்திருந்தால் உடன் அழைத்து வந்திரார். மறந்தனர், அவ்வளவே. ஆனால் பிரமாதம் என்னும் அசட்டையால் உயிருக்கு ஊறு விளைதலே இம்சை என்பது நம் ஆகமத் துணிபு. அன்பு உடையோம் என்பது அசட்டைக்கு விலக்காகாது.

சிதறால் மலையேறித் தரிசித்து இறங்க ஒரு மணி நேரமேனும் ஆகும். கீழே ஓர் உயிர் மூச்சிரைத்து வாட, மேலே அருளாளரைக் கைதொழுதல் பொருந்துமா? குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் மரநிழலில் நாயுடன் தங்கலாம். எம்மூர்க் கடற்கரைக்கு வருவோர்க்கும் ஒன்று சொல்வோம். இங்குள்ளது இல்மனைட் கலந்த கருமணல். நண்பகலில் அது கடுமையாகச் சுடும். செருப்பணிந்த நாம் அதை உணரோம், நாயின் பாதம் உணரும்.

புலால் உண்ணும் உயிரை வளர்ப்பதே தகாது என நம் முன்னோர் பலர் விலக்கினர், அது எண்ணத்தக்கதே. ஆயின் வளர்க்கத் தொடங்கியபின் பொறுப்பைத் துறத்தல் அதனினும் தகாதது. நாயை இழிந்த பிறப்பென ஒதுக்குவோர் சீவகன் வரலாற்றை நினைதல் வேண்டும். அந்தணர் அடித்துக் குற்றுயிராக்கிய நாயின் செவியில் அவன் பஞ்சமந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று எனத் திருத்தக்கதேவர் உரைக்கிறார். மந்திரத்தைக் கேட்கவல்ல உயிர் நம் காரின் பொருள்களுள் ஒன்றன்று.

நாட்டுச் சட்டமும் இதை ஒப்புகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொணர்ந்த மசோதாவின் விளைவாக, 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. வாகனத்தில் விலங்குக்கு வீண் துன்பம் நேருமாறு கொண்டுசெல்வதை அது குற்றமாக்கியது. முதற்குற்றத்திற்கு அது விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. வினையின் கணக்கோ ரூபாயில் தீர்வதன்று.

ஆகவே புறப்படுமுன் ஒரு வினாவை எழுப்புவோம்: இப்பயணம் நாய்க்கு நன்மையா, நமக்கு ஆசையா? நமக்கே எனில், அயலாரிடமோ உறவினரிடமோ அதை நம்பி விட்டுச் செல்வதே அன்பு. உடன் அழைத்துச் செல்வதே தக்கதெனில், காக்குமாறு கட்டுவோம். காவல் முடிந்ததும் அவிழ்ப்போம். பூட்டிய வண்டியில் ஒருபோதும் தனியே விடோம். விழிப்புடன் கட்டும் கை கொல்லாமையின் கையே ஆகும்.